ஏழாம் எண்ணின் அளவு

அடைக்கலமேரி அன்றன்றைக்கான தண்ணீரைக் காலை ஐந்து மணிக்கே குடித்து முடித்துவிடுவாள். அரை டம்ளர். அதற்கு மேல் ஒரு மிடறு இறங்கினாலும் பதினொரு மணிக்கு அடிவயிறு அதை ஞாபகப்படுத்தும். இரண்டு மணிக்கு மிரட்டும். நான்கு மணிக்கு மேல் அவளுக்கு மாதாவைத் தவிர வேறு துணை கிடையாது. இப்படி இரண்டு வருஷம் எட்டு மாதம்.

அவள் வேலை பார்த்தது ஆவூருக்கும் விராலிமலைக்கும் நடுவே, பொட்டலில் இருந்த மூளை மின்தூண்டல் ஆராய்ச்சி நிலையத்தில். சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் கழித்து, வேட்டைக்கு வருகிறவர்கள் தங்கிய பழைய பங்களா ஒன்றை வெள்ளையடித்து, சுற்றிலும் ஒன்பது அடிச் சுவர் எழுப்பி, அரசாங்கம் அதைத் திறந்தது. அங்கே நடந்த ஆராய்ச்சி இதுதான்: வெள்ளாட்டின் மண்டையில் சின்னத் துளை ஒன்று போடுவார்கள். அதன் வழியாக மயிரளவு கம்பியை மூளையின் அடியாழத்துக்கு இறக்குவார்கள். கம்பியில் மின்சாரம் விட்டால் ஆடு மூத்திரத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். நிறுத்தினால் விட வேண்டும். எத்தனை மணி நேரம் அடக்கியது, எத்தனை அவுன்ஸ் விட்டது என்று பதிவேட்டில் எழுதி மூன்று பேர் கையெழுத்துப் போடுவார்கள். மூன்று கையெழுத்து விழுந்துவிட்டால் அது உண்மை. அதுவரைக்கும் அது வெறும் மூத்திரம்.

ஆடுகளுக்கு இந்த விவரம் தெரியாது. அவை தங்களுக்குத் தோன்றியபோது பெய்தன.

திங்கட்கிழமைதோறும் கொடியேற்றிய பிறகு இயக்குநர் டாக்டர் ஆவுடையப்பன் ஊழியர்களை வரிசையில் நிற்க வைத்துப் பேசுவார். சீமையில் படித்தவர். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு வெள்ளி அளவுகோல் வைத்திருப்பார். அதை வெளியே எடுத்து எதையும் அளந்ததை யாரும் பார்த்ததில்லை.

"ஒரு தேசத்தை அழிப்பது எது? பஞ்சமா? பகையா? இரண்டும் இல்லை. நினைத்தவன், நினைத்த இடத்தில், நினைத்த நேரத்தில் உட்கார்ந்துவிடுகிறானே, அதுதான் அழிக்கிறது. ஆட்டில் ஆரம்பித்திருக்கிறோம். மனிதனில் முடிப்போம். ஒரு நாள் வரும். ஒரே ஒரு ஸ்விட்சைத் தட்டினால் நாற்பது கோடி ஜனங்களும் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் பொறுத்திருப்பார்கள்!"

எல்லோரும் கை தட்டுவார்கள். கடைசி வரிசையில் நிற்கிற அடைக்கலமேரியும் தட்டுவாள். ஸ்விட்சு இல்லாமலே தான் ஐந்து மணி வரைக்கும் பொறுத்திருக்கிற விஷயத்தை இவரிடம் யாராவது சொன்னால் மகிழ்வாரா, வருத்தப்படுவாரா என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவளுக்குத் தோன்றும்.

விஷயம் என்னவென்றால், நிலையத்தில் ஆண்கள் பதினொரு பேர். பெண் இவள் ஒருத்தி. எட்டாம் வகுப்பு படித்திருந்தாள். ஆடுகளோடு பிறந்து வளர்ந்திருந்தாள். ஆடு கழுவவும் கட்டவும் பெருக்கவும் இவளைவிட்டால் ஆள் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் மூன்று தடுப்புகளோடு ஒரு கழிப்பறை இருந்தது. தடுப்புகள் இடுப்பளவு. கதவு கிடையாது. வரைபடம் போட்டவருக்கு இங்கே ஒரு பெண் வருவாள் என்று தோன்றவில்லை. புதர் மறைவுக்காவது போகலாமென்றால், முதல் வருஷமே வளாகத்துக்குள் இருந்த ஆவாரஞ்செடி, காரைச்செடி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிட்டார்கள். ஆராய்ச்சிக் கூடத்தைச் சுற்றி மறைவு எதுவும் இருக்கக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு.

வெளியே போகவும் வழியில்லை. எட்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை ஊழியர் யாரும் பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது. பாஸில் காரணம் எழுத வேண்டும். ஒரு தடவை அடைக்கலமேரி 'சொந்த வேலை' என்று எழுதிக் கொடுத்தாள். 'எவ்வகைச் சொந்த வேலை?' என்று சிவப்பு மையில் கேட்டுத் திரும்பி வந்தது. அதற்குப் பதில் எழுதக்கூடிய சொல் அவள் படித்த எட்டு வகுப்பிலும் இல்லை.

ஆடுகளுக்குப் பாஸ் தேவையில்லை. கழுத்தில் எண் போட்ட பித்தளை வில்லை இருந்தால் போதும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் காவலாளி வீரய்யா பட்டியலைப் பார்த்து, வில்லையைப் பார்த்து, ஒவ்வொன்றாக மேய்ச்சலுக்கு விடுவார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை. சுவருக்கு வெளியே புதர்களுக்குள் அவை மறைவதை அடைக்கலமேரி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் அவளுக்கு வருகிற எண்ணத்தைப் பொறாமை என்று சொல்ல அவள் மனம் ஒப்பவில்லை. ஆனால் வேறு பெயரும் அகப்படவில்லை.

ஆறு மாதம் யோசித்து ஒரு மனு எழுதினாள். அதை அலுவலக மானேஜர் செல்லமுத்துவிடம் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்தார்.

"ஏம்மா, நீயும் நாலெழுத்துப் படிச்சவ. தேவைன்னு எழுதியிருக்கியே, தேவைக்கு என்ன ஆதாரம்?"

"ஆதாரம் வயித்துல இருக்கு சார்."

"அது அங்கன இருந்து என்ன புண்ணியம்? மேசைக்கு வரணும்ல?"

நாலு மாதம் கழித்து எழுத்தில் பதில் வந்தது. 'மனுதாரர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கழிப்பறை இன்றியே திருப்திகரமாகப் பணியாற்றி வருவது பணிப்பதிவேட்டிலிருந்து தெரியவருவதால், தேவை நிரூபணமாகவில்லை. தேவை இருப்பதாக மனுதாரர் தொடர்ந்து கருதினால், மூன்று மாத காலத்துக்கு நேரம், அளவு ஆகிய விவரங்களை மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்கலாம்.'

அவள் அந்தக் காகிதத்தை நாலாக மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாள்.

அந்த மாதம்தான் நிலையத்தில் புது அறை ஒன்று கட்டினார்கள். ஆட்டுக்கு.

ஆளுக்கு முன்னால் ஆடு கூச்சப்படும், கூச்சப்பட்டால் அளவு சரியாக வராது என்று டாக்டர் ஆவுடையப்பன் ஏதோ சஞ்சிகையில் படித்திருந்தார். "பிராணிக்குத் தனிமை வேண்டும். அதன் மானத்தை நாம் மதிக்க வேண்டும்" என்றார். நாலு பக்கமும் சுவர், உள்தாழ்ப்பாளோடு கதவு, உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், தண்ணீர்க் குழாய். சாய்வாகப் போட்ட வழவழப்பான தரை. தரையின் ஓரத்துக் குழி வழியாக ஒரு கண்ணாடிக் குழாய் போய் அடுத்த அறையில் இருந்த ஜாடியில் முடியும். அங்கே அளவு எழுத்தர் தைரியநாதன் உட்கார்ந்திருப்பான். ஆவூர்ப் பங்குக்காரன்தான். கோயிலில் அவளுக்கு நாலு வரிசை முன்னால் முழந்தாளிடுகிறவன். "அக்கா" என்றுதான் கூப்பிடுவான்.

கட்டி முடித்த அன்று அடைக்கலமேரி அந்த அறையைக் கழுவிவிட்டாள். கழுவிய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே நின்றாள். தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டுத் திறந்து பார்த்தாள். அவ்வளவுதான். அன்றைக்கு வேறொன்றும் நடக்கவில்லை.

நடந்தது பங்குனி மாதத்தில். ஏழாம் எண் ஆட்டை உள்ளே கட்டித் தாழ்ப்பாள் போட்டிருந்தாள்; ஆடு பழகிய ஆள் என்பதால் அவள் மட்டும் கூட இருக்கலாம். செந்நிறத்தில், ஒற்றைக் காது மடிந்த ஆடு. ஆடுகளுக்குப் பெயர் வைக்கக் கூடாதென்று விதி இருந்ததால் அடைக்கலமேரி அதை வாய்க்குள்ளேயே செவலை என்று கூப்பிடுவாள். காலையிலிருந்து கம்பியில் மின்சாரம் ஓடியது. மூன்று மணிக்கு நிறுத்தினார்கள். ஆடு விடவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அடுத்த அறையிலிருந்து தைரியநாதன், "அக்கா, ஒண்ணும் வரக் காணோமே. டாக்டர் கத்துவாரு" என்றான்.

அடைக்கலமேரி செவலைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். தம்பி தங்கைகள் ஐந்து பேரையும் காலில் போட்டு அவள்தான் வளர்த்தாள். குழந்தையை மூத்திரம் போக வைக்க எல்லாத் தாய்மாரும் செய்கிற சத்தம் அவள் வாயில் தானாக வந்தது.

"உஸ்ஸ்ஸ்... உஸ்ஸ்ஸ்..."

செவலை காதை ஆட்டியது. பின்னங்காலை அகற்றியது. பெய்தது. அதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குச் செவலை ஒன்றுதான் கீழ்ப்படிந்தது என்று சொல்ல முடியுமா? முப்பது வருஷத்துக்கு முன்னால் அடைக்கலமேரியையும் ஒருத்தி காலில் போட்டு அப்படித்தான் பழக்கியிருந்தாள். அன்று காலை அம்மா கூழில் மோரைத் தாராளமாக ஊற்றியும் இருந்தாள். மூளை அடக்கு என்றது. அடிவயிறு அந்தச் சத்தத்தைத்தான் கேட்டது.

தாழ்ப்பாள் போட்டிருந்தது. சுவர்கள் நாலும் நின்றுகொண்டிருந்தன. அவள் அழுதாள். வெட்கத்தினாலா என்று பின்னால் பலமுறை யோசித்துப் பார்த்தாள். இல்லை. இரண்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவளுக்குள் வாயைத் திறந்துவிட்டது; அதற்கு அழத்தான் தெரிந்தது.

"அக்கா!" என்று சுவருக்கு அப்பாலிருந்து தைரியநாதன் அலறினான். "இருபத்தெட்டு! இருபத்தெட்டு அவுன்சு!"

ஆடுகள் அதுவரை ஆறு அவுன்சைத் தாண்டியதில்லை.

டாக்டர் ஆவுடையப்பன் ஓடி வந்தார். ஜாடியைப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண் கலங்கினார். "என்ன ஒரு பொறுமை! என்ன ஒரு கொள்ளளவு! இப்படி ஒரு பிராணி உலகத்தில் எங்கேயும் இருந்ததில்லை" என்று நடுங்கும் குரலில் சொன்னார். மூன்று கையெழுத்து விழுந்தது.

செவலையின் பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அடைக்கலமேரிக்குத் தரை பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. அதே நேரத்தில், அதற்கும் அடியில், வேறொன்றும் இருந்தது. அவள் உடம்பைப் பற்றி ஒரு மனிதர் நல்ல வார்த்தை சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அது ஆட்டுக்குச் சொன்னதாகவே இருக்கட்டும். கேட்டது அவள்தானே.

மறுநாள் சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். அவள் போகக் கூடாது என்றுதான் நினைத்தாள். மூன்று மணி ஆனது. தாழ்ப்பாள் விழுந்தது. இருபத்தாறு.

அதற்கடுத்த நாள் பத்து மணிக்கு அவள் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு குடித்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வளாகத்துக்குள் அவள் குடித்த முதல் தண்ணீர் அது. குளிர்ந்து இறங்கியது. முப்பத்தொன்று.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சாமியார் முன்னால் முழந்தாளிட்டுப் பத்துக் கட்டளைகளையும் வரிசையாக நினைத்துப் பார்த்தாள். இது களவா? பொய்ச்சாட்சியா? பிறர் உடைமையை விரும்பியதா? ஆட்டின் அறையை விரும்பியது உண்மைதான். கடைசியில், "கோபப்பட்டேன் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அவள் யார் மேலும் கோபப்பட்டிருக்கவில்லை. அதுதான் அவள் செய்த பாவம் என்று வழியில் தோன்றியது.

இதற்கிடையில் ஏழாம் எண்ணின் புகழ் பரவியது. ஜாடியை மாற்றி இரண்டு மடங்கு பெரிய ஜாடி வைத்தார்கள். சென்னைக்குத் தந்தி போனது. அங்கிருந்து டில்லிக்குப் போனது. செவலைக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். அது மாலையைத் தின்றது. படம் இயக்குநர் அறையில் மாட்டப்பட்டது. திங்கட்கிழமைப் பேச்சில், "ஊழியர்கள் இந்த ஆட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். பதினொரு மணிக்குள் இரண்டு தடவை பின்பக்கம் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர். தைரியநாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரு நாள் அவள் காய்ச்சலில் வரவில்லை. ஏழாம் எண் ஆறு அவுன்ஸ் விட்டது. மறுநாள் அவள் வந்தாள். முப்பது. உடனே ஒரு ஆய்வுக் கூட்டம் போட்டு, உதவியாளரைப் பிரிந்தால் பிராணியின் மூளை சோர்வடைகிறது என்று கண்டுபிடித்தார்கள். அடைக்கலமேரிக்கு இனி விடுப்பு கிடையாது என்று உத்தரவு வந்தது. அவள் தங்கை மரிய செல்வியின் கல்யாணத்துக்கும் போக முடியவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் அவள் தாழ்ப்பாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முன்பு ஒரு மறைவு கிடைக்காமல் மாட்டிக்கொண்டிருந்தாள். இப்போது மறைவு கிடைத்து மாட்டிக்கொண்டாள். எது மோசம் என்று எடை போட்டுப் பார்க்கையில் இரண்டு தட்டிலும் அவளே உட்கார்ந்திருந்தாள்.

ஆடி மாதம் டில்லியிலிருந்து கடிதம் வந்தது. டாக்டர் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார். 'எண் ஏழு என்னும் பிராணியின் அபூர்வமான மூளை தேசத்தின் சொத்து ஆகையால், அது இம்மாதம் 24ஆம் தேதி முழுமையாக வெளியே எடுக்கப்பட்டு, ஆய்வுக்கு அனுப்பப்பட வேண்டும். அதற்கு முந்தைய நாள் நிபுணர் குழு நேரில் வந்து அளவைப் பார்வையிடும்.'

எல்லோரும் கை தட்டினார்கள். அடைக்கலமேரியின் கை எழவில்லை.

அன்று பகல் செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பி இறங்கிய இடத்தில் மயிர் முளைக்காமல் ஒரு சின்ன வட்டம். 'என் மானத்துக்கு உன் மண்டையா?' என்று நினைத்தாள். வாய்விட்டுச் சொன்னால் செவலை பிழைத்துவிடும். ஆனால் அந்த அறையில் அவள் அனுபவித்த அத்தனை நாளும், அந்தத் தாழ்ப்பாளின் சத்தமும்கூட, பதினொரு ஆண்களின் வாய்க்குப் போய்விடும். தைரியநாதன் கோயிலில் திரும்பிப் பார்ப்பான். இருபது தடவை எழுந்து, இருபது தடவை உட்கார்ந்தாள். பிறகு போனாள்.

டாக்டர் ஆவுடையப்பன் வெள்ளி அளவுகோலால் கடித உறையைக் கிழித்துக்கொண்டிருந்தார். மானேஜர் செல்லமுத்து பக்கத்தில் நின்றார்.

"என்ன மேரி, ஆட்டுக்கு எதுவும் சுகமில்லையா?"

"ஆடு நல்லாத்தான் இருக்குங்க. ஐயா, அந்த முப்பது அவுன்ஸ்ல ஆறுதான் அதோடது."

"மீதி?"

அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். "மீதி என்னோடதுங்க."

செல்லமுத்து இருமினார்.

"எத்தனை நாளா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

"பங்குனியிலிருந்துங்க. வேற எடம் இல்லைங்க. மனுக்கூடப் போட்டேன். ஆட்டை ஒண்ணும் செஞ்சிறாதீங்க. தப்பு என்னோடது."

டாக்டர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். கோபித்துக்கொள்வார் என்று அவள் நினைத்தாள். அவர் குரலில் கோபமே இல்லை. குழந்தைக்கு எடுத்துச் சொல்வது போலச் சொன்னார்.

"மேரி, நீ பெரிய தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்க. ஜாடியில விழுந்த நேரத்தில அது உன்னோடதா இருந்திருக்கலாம். அதுக்குப் பிறகு மூணு பேர் கையெழுத்துப் போட்டோம். சென்னைக்குப் போச்சு. டில்லிக்குப் போச்சு. இனிமே அது உன்னோடதில்ல. அரசாங்கத்தோடது. அதை உன்னோடதுன்னு சொல்ல உனக்கு என்ன அதிகாரம்?"

"ஆனா, ஐயா, நெசம்..."

"நிஜத்தை யாரு மறுத்தா? பதிவேட்டோட ஒத்துப்போற நிஜமா கொண்டா. நான் உண்மைக்காகத்தான் இருபது வருஷம் உழைச்சிருக்கேன். அதை ஒரு நாள்ல கெடுத்துக்க முடியாது."

செல்லமுத்து பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"சார், இங்க பாருங்க. ஏழாம் எண்ணுக்கு எதிர்ல என்ன எழுதியிருக்கோம்? 'பிராணி.' அம்புட்டுத்தான். ஆடுன்னு எங்கயுமே எழுதல. பங்குனி மாசத்திலிருந்து முன்தேதி போட்டு, ஏழாம் எண் அடைக்கலமேரின்னு ஒரு உத்தரவு போட்டுட்டா, அளவு அளவாவே இருக்கும். யாரும் பொய் சொன்னதா ஆகாது."

"அப்போ இந்த ஆடு?"

"பதிவேட்டுல இல்லாத ஆடு சார். உபரி. குழு வர்ற அன்னிக்கு விருந்துக்கு ஆச்சு."

டாக்டர் நீண்ட மூச்சு விட்டார். "செல்லமுத்து, நீங்க இல்லேன்னா விஞ்ஞானம் என்ன ஆகும்?"

அடைக்கலமேரி ஓரடி முன்னால் வந்தாள். "ஐயா, ஏழாம் எண்ணோட மூளையை எடுக்கச் சொல்லி வந்திருக்கே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லமுத்து கனிவோடு சொன்னார்.

"அதுக்குத் தனியா எழுதிக் கேக்கணும்மா. பதில் வர ரெண்டு மாசம் ஆகும். தேதி என்னமோ இருபத்து நாலுதான். பயப்படாத. சாதாரணமா நம்ம டிபார்ட்மெண்டுல எதுவும் தேதிப்படி நடக்கிறதில்ல."

"சாதாரணமா" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள்.

உத்தரவு அன்றைக்கே தட்டச்சாகி வந்தது. அந்த நிலையத்தில் அன்றைக்கே வந்த காகிதம் அது ஒன்றுதான். செவலையின் கழுத்திலிருந்து பித்தளை வில்லையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்கள். "கழுத்துல போட்டுக்கணும்னு கட்டாயம் இல்ல. பொம்பளைப் புள்ள. கையில வச்சிருந்தா போதும்" என்று செல்லமுத்து சலுகை காட்டினார். அத்தோடு, கதவும் தாழ்ப்பாளும் உள்ள அந்த அறையை ஏழாம் எண் இனி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பயன்படுத்தலாம் என்று உத்தரவின் கடைசி வரியில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த இந்த இரண்டு வருஷம் பதினொரு மாதமாக அவள் வேண்டியது அந்த ஒரு வரிதான்.

அவள் அதைப் பலமுறை படித்தாள். எழுத்துகள் நல்ல தமிழில்தான் இருந்தன. மனுஷியாக மனுப் போட்டபோது தேவை நிரூபணமாகவில்லை. இதில் கோபப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் கோபம் வருகிற இடத்தில் முதலில் அவளுக்கு ஒரு நிம்மதிதான் வந்தது. தாழ்ப்பாள் கிடைத்ததே என்ற நிம்மதி. அந்த நிம்மதியைத் தனக்குள் கண்டுகொண்ட போதுதான் அவள் உண்மையாகவே பயந்தாள். கம்பி எதுவும் இறக்காமலே இவர்கள் தன் மண்டைக்குள் எவ்வளவு ஆழம் வந்துவிட்டார்கள் என்று.

இருபத்து மூன்றாம் தேதி காலையிலேயே பந்தல் போட்டாயிற்று. குழு மூன்று மணிக்கு வருகிறது. அடைக்கலமேரி காலையிலிருந்து நாலு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டாக்டர் எழுத்தில் உத்தரவிட்டிருந்தார். குடித்தாள். பக்கத்தில் செல்லமுத்து நின்று ஒவ்வொரு டம்ளருக்கும் கையெழுத்து வாங்கினார். பின்புறத்தில் சமையற்காரர் கத்தியைக் கல்லில் தீட்டுகிற சத்தம் கேட்டது. செவலை வில்லை இல்லாத கழுத்தோடு முளையில் கட்டிக் கிடந்தது. அவளைப் பார்த்து ஒரு தரம் கத்தியது.

பன்னிரண்டு மணி அடித்தது. வீரய்யா கேட்டில் பட்டியலோடு நின்று ஆடுகளை விட்டுக்கொண்டிருந்தார். ஐந்து, ஆறு. வரிசையில் ஆறாம் எண்ணுக்குப் பின்னால் அடைக்கலமேரி வந்து நின்றாள். கையில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் செவலை.

"என்ன தங்கச்சி, இங்கிட்டு எங்க வர்ற? பாஸ் இருக்கா?"

அவள் இடுப்பிலிருந்து வில்லையை எடுத்து நீட்டினாள். வீரய்யா எழுத்துப் படிக்காதவர். ஆனால் எண் தெரியும். வில்லையைத் திருப்பிப் பார்த்தார். அவள் நீட்டிய உத்தரவில் ஏழு என்ற எண்ணையும், கீழே மூன்று கையெழுத்தையும் தடவிப் பார்த்தார். கையெழுத்துகளை அவருக்கு நன்றாக அடையாளம் தெரியும்.

"ஏழு. அடப்பாவிகளா... நீயா?"

"நான்தாண்ணே. பங்குனியிலிருந்தே நான்தானாம்."

வீரய்யா சுற்றிலும் பார்த்தார். மீசையைத் தடவினார். "ஏழுக்கு மேய்ச்சல் உண்டு. நான் மறிக்க முடியாது. ஆனா இந்தச் செவலை?"

"பட்டியல்ல பாருங்கண்ணே."

பார்த்தார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை விரல் வைத்துப் பார்த்தார்.

"இப்படி ஒரு ஆடே இல்லையே."

"இல்லாத ஆட்டை எப்படிண்ணே மறிப்பீங்க?"

வீரய்யா பட்டியலை மடித்துக் கக்கத்தில் வைத்தார். முகம் இறுக்கமாகவே இருந்தது. கண் மட்டும் சிரித்தது. கேட்டை அகலத் திறந்தார். "மேய்ச்சல் ரெண்டு மணி வரைக்கும்தான்" என்று, உள்ளே இருக்கிறவர்களுக்குக் கேட்கும்படி கத்தினார். பிறகு தாழ்ந்த குரலில், "அங்கிட்டு ஓடைப் பக்கமாப் போ. ரோட்டுல குழுவோட காரு வந்துக்கிட்டிருக்கும்" என்றார்.

அவள் ஓடவில்லை. நாலு டம்ளர் தண்ணீரோடு ஓட முடியாது. ஓடைக் கரையில் ஆவாரம் புதர்கள் இடுப்புக்கு மேல் வளர்ந்து மஞ்சளாகப் பூத்திருந்தன. கயிற்றை ஒரு கிளையில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். பழக்கத்தில் காது குழாயின் சத்தத்தையும், அப்பால் தைரியநாதன் அலறப்போவதையும் எதிர்பார்த்தது. ஒன்றும் கேட்கவில்லை. செம்மண் குடித்தது. குடித்ததை அது யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் செவலையும் காலை அகற்றிக்கொண்டது; அதற்கு யாரும் உஸ் சொல்லவில்லை.

அடைக்கலமேரி எழுந்தாள். இடுப்பிலிருந்து வில்லையை எடுத்து ஆவாரம் கிளையில் மாட்டினாள். காற்றில் அது ஒரு பூவோடு பூவாக ஆடியது. செவலையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வடக்கே நடந்தாள்.

அங்கே, கண்ணாடி ஜாடியைச் சுற்றி நிபுணர் குழு நாலு மணி வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஐந்து மணிக்குத் தைரியநாதன் பேனாவை மையில் தோய்த்து வழக்கம்போலப் பதிவேட்டில் எழுதினான்: 'எண் ஏழு. மேய்ச்சலுக்குச் சென்றது. திரும்பவில்லை. அடக்கிய நேரம்: இரண்டு ஆண்டுகள் பதினொரு மாதம்.' அந்த விவரத்தை அவனிடம் யாரும் கேட்கவில்லை. ஏன் எழுதினான் என்று அவனுக்கே தெரியாது. டாக்டர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். செல்லமுத்து போட்டார். தைரியநாதன் மூன்றாவதாகப் போட்டான்.

ஆகவே அது உண்மையாயிற்று.